பதிமூன்றாம் குழாய்

பிப்ரவரி 4

முன்னாள் தெப்பப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

ஏரிப் படிவ ஆய்வகத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் குளிர் அறையின் இயந்திரம் பழுதாகிவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வருடமாகத் திறக்காமல் வைத்திருக்கும் பதினான்கு சேற்றுக் குழாய்களையும் அதற்குள் திறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சேறு காய்ந்து வெடித்து, எதற்கும் உதவாமல் போய்விடும்.

பதினான்காம் குழாயின் மேல் ஒட்டிய தாள் தண்ணீரில் ஊறி எழுத்து அழிந்திருக்கிறது. எந்த முனை மேல், எந்த முனை கீழ் என்று தெரியவில்லை. தலைகீழாகத் திறந்தால் ஆயிரம் வருடத்துக் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்த மாதிரி ஆகும். அந்தக் குழாயை மூடியவர் நீங்கள் என்று பதிவேட்டில் இருக்கிறது. மேல் முனை எது என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும்.

தொலைபேசியில் கேட்டிருக்கலாம். உங்கள் குரலும் அவர் குரலும் ஒன்று. அதனால் கடிதம்.

வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை.

நுண்ணோக்கிப் பிரிவு


பிப்ரவரி 11

அண்ணிக்கு,

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பட்டறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். “என்னப்பா, போலீஸ் கடுதாசியா?” என்றார் முதலாளி. “இல்லைங்க, எங்க அண்ணி” என்றேன். “அதுக்குப் போலீஸே தேவலையே” என்று சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

நான் இப்போது மோட்டார் பம்பு பழுது பார்க்கும் கடையில் இருக்கிறேன். தெப்பம், படகு எதிலும் ஏறுவதில்லை. பம்பைச் சோதிக்கத் தொட்டியில் இறக்கும்போதுகூட முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறேன். அம்மா என்னோடுதான் இருக்கிறார்கள். முழங்கால் வலி தவிர வேறு தொந்தரவு இல்லை.

பதினான்காவதன் ஒரு முனையில், நாடாவுக்கு அடியில் பச்சைத் துணி சுற்றியிருக்கும். அதுதான் மேல். அண்ணன் உடல் கிடைத்த பிறகு தெப்பத்தைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். குழாய் அதுவரை சங்கிலியில் தண்ணீருக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை மூடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவர் இருந்திருந்தால் சேற்றைக் காயவிடமாட்டார் என்று தோன்றியது. கையில் துணி இல்லை, சட்டையைக் கிழித்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பதிமூன்றாவதை நீங்கள் திறக்க வேண்டாம். வேறு யாரையாவது வைத்துத் திறங்கள். காரணம் கேட்காதீர்கள்.

குட்டிக்கு முன்பல் முளைத்துவிட்டதா? கடைசியாகப் பார்த்தபோது “சித்தப்பா” என்று கூப்பிட்டால் பாதி காற்றாக வரும். அதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும். எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு
உங்கள் கொழுந்தன்


பிப்ரவரி 20

வேண்டாம் என்று நீ எழுதியதால் பதிமூன்றைத்தான் முதலில் திறந்தேன்.

‘நீங்கள்’ போட்டு எழுதும் பொறுமை எனக்கு இன்று இல்லை. என் கல்யாணத்தன்று மாப்பிள்ளைத் தோழனாக நின்று தூங்கி வழிந்தவன் நீ. உனக்கு எதற்கு மரியாதை?

ஒரு மீட்டர் குழாய், ஏரியடியிலிருந்து கீழே பதிமூன்றாவது மீட்டர். நீளவாக்கில் அறுத்து, நடுவே கம்பியை இழுத்து, புத்தகம் மாதிரி இரண்டாகப் பிரித்தோம். கறுப்புச் சேறு, பழுப்புச் சேறு, மறுபடி கறுப்பு. பென்சிலால் கோடு போட்டாற்போல வரிவரியாக இறங்கிக்கொண்டே வந்தது. அடி முனையில் இரண்டு விரல் கனத்துக்கு வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. என்னோடு இருந்த பெண் “அக்கா, இதுதானே?” என்றாள். நான் நாற்காலியைத் தேடினேன்.

இதுதான். எங்கோ பல நூறு மைல் தள்ளி ஒரு மலை வெடித்து, காற்றில் வந்து ஏரி முழுக்கப் பொழிந்து, அடியில் போய்ப் படுத்து, அதன்மேல் வருடா வருடம் சேறு மூடிய சாம்பல். உன் அண்ணன் தேடிப் போன சாம்பல்.

அது குழாயின் வாயிலேயே இருக்கிறது, தம்பி. மூடியைக் கழற்றியதுமே தெரிகிறது. மூடியின் உட்புறத்திலும் ஒட்டியிருக்கிறது. அந்த மூடியில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்து காய்ந்துபோயிருக்கிறது.

பதிமூன்றிலேயே வந்துவிட்டது என்றால் பதினான்கு எதற்கு? எதற்காக அந்த மனிதர் மறுபடி குழாயை இறக்கினார்? பதிமூன்றை மூடியது யார்?

அவரைத் தனியாக விட்டுவிட்டு வந்துவிட்டாய் என்றுதான் அன்று வாசலில் நின்று கத்தினேன். நீ தலையைக் குனிந்துகொண்டு போனாய். இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

பதில் எழுது. பல் முளைத்துவிட்டது.


மார்ச் 2

அண்ணிக்கு,

மூடியவன் நான்தான்.

இந்த ஒரு வரியை இரண்டு வருடமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். மீதியையும் எழுதிவிடுகிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்கமாட்டேன்.

அன்று தெப்பத்தில் நாங்கள் இருவர்தான். மூன்றாவது ஆள் காய்ச்சல் என்று முதல் நாளே கிளம்பிப் போயிருந்தார். அது ஏரி வேலைக்கான பருவமும் இல்லை. காற்று எப்போது எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்ல முடியாத மாதம். இரண்டு மாதம் பொறுக்கலாம் என்று புறப்படும் முன்பே சொன்னேன். “ரெண்டு வாரந்தான்டா இருக்கு” என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

பதிமூன்றாவது குழாய் மேலே வந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். தண்ணீர் குலுங்கத் தொடங்கியிருந்தது. “போதும்ணா. கரைக்குப் போயிடலாம்” என்றேன்.

“இன்னும் ஒண்ணு.”

“நேத்தும் இதையேதான் சொன்னே.”

“உங்க அண்ணி சொன்னதுதான்டா சரி. நான்தான் தப்பான சாம்பலைக் காட்டிட்டேன். சரியானது இன்னும் கீழே இருக்கணும். அதைக் கொண்டுபோய் அவ மேசைல வைக்காம நான் எப்படி வீட்டுக்குள்ள நுழையறது?”

“அதுக்குன்னு உசுரை விடுவியா? அண்ணி எங்க ஓடிடப்போறாங்க?” என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன் அண்ணி, வேறொன்றும் இல்லை.

அவருக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். “நீ கூலிக்கு வந்தவன். கூலிக்கு வந்தவன் மாதிரி இரு” என்றார்.

ஒன்பது வருடம். அவர் சேறு எடுத்த அத்தனை ஏரியிலும் கயிறு பிடித்தவன் நான். சேற்றைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்கிறார் என்று ஆய்வகத்தில் எல்லோரும் அவரைக் கேலி பண்ணினீர்களே, அப்படிப் பார்க்க அவர் சொல்லிக்கொடுத்தது எனக்கு மட்டும்தான்.

அவர் அடுத்த குழாயைப் பூட்டத் திரும்பிக்கொண்டார். நான் பதிமூன்றின் வாயைத் துடைத்தேன். கட்டைவிரலில் நறநறவென்று பட்டது. பல்பொடி மாதிரி. சேறு வழுக்கும், அப்படி நறநறக்காது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

வேறொரு நாளாக இருந்தால் நான் போடும் சத்தம் கரைக்குக் கேட்டிருக்கும். அன்று போடவில்லை. கூலிக்காரனுக்கு எதற்கு இதெல்லாம் என்று நினைத்தேன். மூடியை வைத்து அழுத்தி நாடாவைச் சுற்றினேன். சாயங்காலம் அவராக வந்து பேசட்டும், அப்போது சொல்லலாம், அதுவரை கொஞ்சம் அலையட்டும். அவ்வளவுதான் அண்ணி என் எண்ணம். அரை நாள் கோபம்.

நிறைந்த குழாய்களைச் சின்னப் படகில் ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்தேன். இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது தெப்பம் சுற்றிக்கொண்டிருந்தது. நங்கூரக் கயிறு ஒன்று விட்டிருந்தது. அவர் ஒற்றை ஆளாகக் கப்பியைச் சுற்றிக் குழாயை மேலே இழுத்துக்கொண்டிருந்தார். மிதவைச் சட்டை கைப்பிடியில் மாட்டுகிறது என்று எப்போதும் கழற்றி வைப்பாரே, அன்றும் கழற்றித்தான் வைத்திருந்தார். விட்டுடுண்ணா, விட்டுடு என்று கத்தினேன். காற்று என் பக்கமே திருப்பி அடித்தது. எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டுப் போய்ச் சேர இருபது நிமிடம் ஆயிற்று. தெப்பம் இருந்தது. மிதவைச் சட்டை இருந்தது.

விசாரணையில் திடீர்க் காற்று என்று எழுதினார்கள். நீங்கள் தனியாக விட்டுவிட்டு வந்தேன் என்றீர்கள். உண்மை அதைவிட மோசம் என்பதால் நான் எதிர்த்துப் பேசவில்லை.

வந்துடுச்சுண்ணா. அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அவர் அடுத்த நிமிடமே என்னோடு படகில் ஏறியிருப்பார். குழாயை மடியில் வைத்துக்கொண்டு வந்திருப்பார்.

இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. நீங்கள் இனி எழுதாவிட்டால் ஏன் என்று கேட்கமாட்டேன்.


மார்ச் 29

தம்பி,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதல் கடிதத்தில் இருந்ததை நீ படிக்காமல் போனதே நல்லது. நீ எதிரில் இல்லாததும் நல்லது. இந்த ஒரு மாதத்தில் உன்னை நான் திட்டாத நேரம், தூங்கின நேரம்தான். அதுவும் கொஞ்சம்தான் தூங்கினேன்.

ஆனால் ஒவ்வொரு முறையும் உன்னைத் திட்டி முடித்ததும் ஒரு காலை நேரம் வந்து முன்னால் நிற்கிறது. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

இரண்டு வாரந்தான் இருக்கிறது என்று அவர் ஏன் சொன்னார் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் கெடுவை வைத்தவள் நான்.

அந்த ஏரியில் ஒன்பது மீட்டரில் அவர் கண்டெடுத்த சாம்பல்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. பக்கத்து ஏரியில் இருக்கும் சாம்பலும் அதுவும் ஒரே மலையில் ஒரே வருடத்தில் வெடித்தவை என்றார். அந்தக் கணக்கை வைத்துத்தான் எல்லோரும் அந்த ஏரியின் வயதைச் சொல்கிறார்கள். நான் அந்தச் சாம்பலை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். அதில் கண்ணாடித் தூள் மாதிரி துகள்கள் இருக்கும். ஒவ்வொரு வெடிப்புக்கும் அந்தக் கண்ணாடி வேறு. அதிலுள்ள சுண்ணமும் இரும்பும் மனிதர்களின் கைரேகை மாதிரி மாறும். இரண்டும் ஒத்துப்போகவில்லை. நான்கு மாதம் திரும்பத் திரும்பப் பார்த்தேன், ஒத்துப்போய்விடாதா என்று.

குட்டிக்குத் தலை சீவிக்கொண்டே சொன்னேன். “உங்க சாம்பல் வேற மலையோடதுங்க.”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். “பதினோரு வருஷ வேலைய ஒரு ஜடை பின்னி முடிக்கறதுக்குள்ள அழிக்கறியே.”

“நான் எங்க அழிச்சேன்? கண்ணாடி சொல்லுது.”

“கொஞ்சம் பொறு. யோசிக்கணும்.”

நான் பொறுத்திருக்கலாம். நான்கு மாதம் எனக்குள்ளேயே வைத்திருந்த அலுப்பு. “ரெண்டு வாரம். அதுக்குள்ள நீங்க திருத்தி எழுதலைன்னா நானே எழுதி அனுப்பிடுவேன்” என்றேன். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் ஏரிக்குக் கிளம்பினார். வாசலில் நான் வந்து நிற்கவில்லை.

அனுப்பியிருக்கமாட்டேன், தம்பி. சும்மா மிரட்டினேன். அதை அவரிடம் சொல்லாமல்தான் நானும் அலையவிட்டேன்.

பதிமூன்றாம் குழாய்ச் சாம்பலின் முடிவு நேற்று வந்தது. பக்கத்து ஏரிச் சாம்பலோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது. நான் சொன்னதுதான் சரி. சரியாக இருந்து என்ன செய்வது என்று தெரியாமல் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினேன்.

ஒன்று கேட்கிறேன். அண்ணி சொன்னதுதான் சரி என்று அவர் நிஜமாகவே சொன்னாரா? அல்லது எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நீ சேர்த்து எழுதினாயா? சேர்த்து எழுதியிருந்தால் இப்போதே சொல்லிவிடு.

பதினான்கை இன்னும் திறக்கவில்லை. அடுத்த கட்டட விலங்கியல்காரர்களிடம் கெஞ்சி, அவர்கள் குளிர்ப்பெட்டியில் தவளைகளோடு வைத்திருக்கிறேன். கம்பி இழுக்க இரண்டு ஆள் வேண்டும். இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் குழாயை வேறு யாரும் பிடிப்பதைப் பார்க்க என்னால் முடியாது. வர முடியுமா?

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணிக்கு,

சேர்த்து எழுதவில்லை. ஏற்கெனவே ஒன்றை மறைத்துப் பட்ட பாடு போதும், இன்னொன்றைத் தூக்க எனக்குத் தெம்பு இல்லை. அவர் சொன்னது அதே வார்த்தைதான். சொல்லும்போது கோபமாகக்கூட இல்லை. நீங்கள் கெட்டிக்காரி என்று மற்றவர்களிடம் பீற்றிக்கொள்ளும்போது ஒரு குரல் வருமே, அந்தக் குரல்.

அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன், அண்ணன் கண்டுபிடித்ததில் ஒரு தப்பு இருக்கிறதாம், அண்ணி திருத்தி எழுதப்போகிறார்கள் என்று. “அவன் பேரை எடுத்துடுவாங்களா?” என்றார்கள். தெரியாது என்றேன். “சின்ன வயசுலேயே தப்புப் போட்டா அவனே அழிச்சுட்டுத் திருப்பி எழுதுவான். அவகிட்ட எழுதச் சொல்லு” என்றார்கள். அதன் பிறகு சமையலறையில் போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அழுதால் அப்படித்தான் சத்தம் பண்ணுவார்கள்.

நான் சாம்பலைப் பார்த்தும் மறைத்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றால் சொல்கிறேன்.

பதினெட்டாம் தேதி விடுப்புக் கேட்டிருக்கிறேன். காலை வண்டியில் வருகிறேன்.

உங்கள் கொழுந்தன்


ஏப்ரல் 30

தம்பி,

நீ போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அன்று உன்னிடம் நான் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்குமா? “பிடி.” “இன்னும் கொஞ்சம் தாழ்த்து.” “இழுக்கறேன்.” வருகிற வழியெல்லாம் என்ன பேசலாம் என்று நீயும் ஒத்திகை பார்த்திருப்பாய். உன் கழுத்துப் பின்பக்கம் அவருக்கு மாதிரியே ஆகிவிட்டது. அதைப் பார்த்த பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை.

நீயும் பார்த்தாய், பதினான்கில் ஒன்றும் இல்லை. மேலிருந்து அடிவரை கறுப்புச் சேறு. ஒரு கோடு இல்லை, ஒரு சிப்பி இல்லை. நீ விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய். நான்தான் உன் கையைப் பிடித்து எடுத்துத் துடைத்தேன். இதற்காகவா என்று நீ கேட்டாய். ஆனாலும் ஒரு அங்குலம் விடாமல் அளந்து பதிவேட்டில் எழுதிவிட்டேன். சேறு, கறுப்பு, மாற்றம் இல்லை. அவர் எடுத்தது, அதனால் எழுதினேன்.

திருத்தத்தையும் அனுப்பிவிட்டேன். அவர் பெயரும் என் பெயரும் போட்டு. முன்பு நாங்கள் சொன்னது தவறு, சரியான சாம்பல் பதிமூன்று மீட்டரில் இருக்கிறது என்று. ஏரிக்கு மூவாயிரம் வருடம் குறைந்துவிட்டது. பாராட்டி நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். நான் யாருக்கும் பதில் போடவில்லை.

அத்தையிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம். உன் மனம் லேசாவதற்காக அவர்களுக்கு ஏன் இன்னொரு பாரம்? நானும் சொல்லப்போவதில்லை. நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வந்த மாதிரி நடிக்கவும் மாட்டேன். இரண்டு வருடம் எல்லாவற்றையும் உன் தலையில் போட்டுவிட்டு நான் நிம்மதியாகத் துக்கம் கொண்டாடினேன் என்பது மட்டும் இப்போது தெரிகிறது. அது உனக்கு நான் செய்த அநியாயம்.

குட்டி அன்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆய்வகத்துக்கு வந்து, நாற்காலியில் நீ மறந்துவிட்டுப் போன துண்டைப் பார்த்து, “சித்தப்பா வந்தாங்களா? ஏன் என்னைப் பாக்காம போனாங்க?” என்று கேட்டாள். வேலை என்றேன். “சேத்து வேலையா?” என்றாள். அவளிடம் பொய் சொல்வது நாளுக்கு நாள் கஷ்டமாகிறது.

அவளைப் பள்ளியில் நீச்சல் வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். எட்டு வயதாகிறது, இன்னும் வாளித் தண்ணீர் தவிர வேறு தண்ணீரை அவளுக்கு நான் காட்டவில்லை. போன வாரம் குளத்து வாசல் வரை அழைத்துப் போனேன். உள்ளே குழந்தைகள் தண்ணீரில் குதிக்கிற சத்தம் கேட்டது. அவள் கையை அழுத்திப் பிடித்துவிட்டேன் போல, வலிக்குதும்மா என்று அழுதாள். திரும்பி வந்துவிட்டோம். வருகிற வழியெல்லாம் அவள், “எனக்குக் கத்துக்கணும்மா” என்றாள்.

என்னால் முடியாது. வேறு யாரிடமும் அவளைத் தண்ணீரில் விட மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வந்து அழைத்துப் போவாயா? யோசித்துச் சொல். கட்டாயமில்லை.

அண்ணி


மே 4

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேற்று பட்டறைத் தொட்டிக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றேன். முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன். முதலாளி, “பம்பே இல்லாம என்னத்தைப்பா தேடறே?” என்றார்.

நான் கரையில் உட்கார்ந்து பார்க்கிற ஆளாக வரமாட்டேன். அவளோடு தண்ணீரில் இறங்குவேன். அவள் நீந்தக் கற்றுக்கொள்ளும் வரை அவள் வயிற்றுக்கு அடியிலிருந்து கையை எடுக்கமாட்டேன்.

எத்தனை மணிக்கு வரட்டும்?